மறு: நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த மலாயாத் தோட்டத்து மக்களைக் குறிக்க ஒரு சொல்

வணக்கம் நண்பர்களே,

இவர்களைக் குறிக்க 'தன்னார்வப் படைவீரர்' என்ற சொல்லே போதும் என்று நம் குழுவில் ஈப்போ ஐயா எழுதியதைப் படித்தேன். எனக்கு அது ஒப்பவில்லை. இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் பள்ளி மண்டபத்துக்கு ஒரு விளக்கப் பலகை தயாராகிறது, பலகையில் ஏறும் சொல்லைத்தான் பிள்ளைகள் நாளைக்குக் கட்டுரையிலும் எழுதுவார்கள், அதனால் அவசரப்பட்டு எதையாவது வைத்துவிட மனமில்லை.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்? 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த பிறகு கேப்டன் மோகன் சிங் முதலில் திரட்டிய இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்திலிருந்து சிறைபிடிபட்டவர்கள். சண்டை அவர்கள் தொழில். 1943 ஜூலையில் நேதாஜி வந்து அந்தப் படையை ஏற்று ஆள் கேட்டபோது மலாயாவிலிருந்து புறப்பட்டவர்கள் அப்படியில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள், கடைச் சிப்பந்திகள், கிராணிமார் (தோட்டத்து எழுத்தர்கள்), பள்ளி மாணவிகள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணிக்கு முன்னால் நின்றவர் கொஞ்ச நாளில் துப்பாக்கியோடு வேறொரு பெரட்டில் நிற்கிறார், காலில் பூட்ஸ் மாட்டியே பழக்கமில்லாதவர். இவர்களைத் தனியே குறிக்கத்தான் நமக்குச் சொல் இல்லை.

'தன்னார்வ' என்று முன்னொட்டுப் போட்டால் எல்லாரும் ஒரே மனதோடு வந்தார்கள் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அதே 1943இல்தான் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட மரண ரயில் பாதை வேலைக்குத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துப்போனார்கள். அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். நாட்டுப்பற்றில் போனவர் உண்டு, ரயிலுக்குத் தப்பப் போனவர் உண்டு, இரண்டும் சேர்ந்து போனவரும் உண்டு. பசியோடு போனவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது, அவரும்தான் பர்மா வரை போனார். ஆர்வம் ஆளுக்கு ஆள் விசாரித்து எழுதவேண்டிய விஷயம், சொல்லுக்குள் அடைக்கவேண்டியதில்லை.

'குடிமக்கள் படை'யும் சரிவராது. அன்று தோட்டத்துத் தமிழர் எந்த நாட்டின் குடிமக்கள்? 1943 அக்டோபர் 21இல் நேதாஜி அறிவித்த சுதந்திர இந்தியத் தற்காலிக அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. 'தொண்டர் படை' கட்சிக்கூட்டத்துக்கும் தைப்பூசத்துக்கும் போய்விட்டது, அதை மீட்பது கஷ்டம்.

என் பரிந்துரை மக்கள்படைஞர். எதிர்ச்சொல் தொழிற்படைஞர். 'படைஞர்' ஆண் பெண் இருவருக்கும் பொது. பெண்களுக்கென்றே ஜான்சி ராணிப் படை இருக்கும்போது வீரர், வீராங்கனை என்று வரிக்கு வரி பிரித்து எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதை வழிநடத்திய கேப்டன் லட்சுமியும் அதில் சேர்ந்த ஜானகி தேவரும் எந்தச் சொல்லில் அடங்குகிறார்களோ அதே சொல்லில்தான் பக்கத்து லயத்து வீட்டுப் பையனும் அடங்கவேண்டும்.

கிள்ளான் அக்கா சந்தி விதி என்ன ஆயிற்று என்று கேட்பார். 'மக்கட்படைஞர்' என்று புணர்த்தினால் 'மக்கட்பேறு' நினைவில் பிள்ளைகளின் படை என்று தோன்றும், அன்று சிறுவர்களுக்கென்று பாலசேனையும் தனியாக இருந்ததால் குழப்பம் உண்மையாகவே வரும். ஆகவே 'ள்'ஐ 'ட்' ஆக்காமல், 'மக்கள்படைஞர்' என்று சேர்த்தே எழுதலாம். இலக்கண ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்.

பலகைக்கு நான் எழுதி வைத்திருக்கும் வரி இது: "1943இல் மலாயாத் தோட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் மக்கள்படைஞராகச் சேர்ந்தவர்கள், முன்பே பட்டாளத்தில் இருந்த தொழிற்படைஞரோடு பயிற்சி பெற்றனர்." அச்சுக்குப் போகுமுன் ஈப்போ ஐயாவின் கருத்து வேண்டும்.