பல் மருத்துவ சீட்டும் பள்ளிச் சான்றிதழும்: நம் கரையோர அனுபவங்கள்

மண்டபத்திலிருந்து:

என் அண்ணன் மகள் புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பிடிஎஸ் படிக்கிறாள். அண்ணன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். மருத்துவப் படிப்புக்கான நீட் நுழைவுத் தேர்வு பெரும்பாலும் மே முதல் வாரத்தில் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் வரவே இல்லாத நேரத்தில்தான் செலவு வந்து நிற்கும். அதைக்கூட கடன் வாங்கிச் சமாளித்துவிடலாம். சான்றிதழ் விஷயத்தில்தான் நம் பக்கத்துப் பெற்றோர் முன்கூட்டியே விழித்துக்கொள்ள வேண்டும்.

பல் மருத்துவத்துக்குத் தனித் தேர்வு கிடையாது. எம்பிபிஎஸ்ஸுக்கு எழுதும் அதே நீட்தான், தமிழிலும் எழுதலாம். மாநில ஒதுக்கீட்டுக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அதில் தனியார் கல்லூரி கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கும்.

எங்கள் பிள்ளை எட்டு வரை ஊர் நடுநிலைப் பள்ளி, அப்புறம் ராமநாதபுரம். ஆகவே இரண்டு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்க வேண்டியிருந்தது. தலைமை ஆசிரியை பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, விரல் வைத்து வரிவரியாகத் தேடினார். அதில் இனிஷியல் ஒன்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் வேறு. அதைச் சரிசெய்ய அலைந்ததுதான் பெரிய பாடு. மே மாதம் பள்ளி பூட்டிக் கிடக்கும், கையெழுத்துப் போட ஆள் இருக்காது. பிளஸ் டூ படிக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

'இன்னும் ஒரு வருஷம் படிச்சு டாக்டர் ஆகட்டும்' என்றார்கள் சொந்தக்காரர்கள். பல் டாக்டரும் டாக்டர்தான். புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு கடலுக்குப் போகும் ஆண்கள் எத்தனை பேர் நம் கரையில்! ஆறாத வாய்ப்புண்ணை முதலில் காட்ட வேண்டியது அவரிடம்தானே? ராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பல் மருத்துவத்துக்கு நமக்குக் கிட்டத்தில் இருக்கும் அரசுக் கல்லூரி 2023இல் திறந்த புதுக்கோட்டைதான்.

தொண்டியிலிருந்து:

அக்கா சொன்னதோடு இதையும் கவனியுங்கள். எங்கள் தெருப் பையன் எட்டு வரை அரசு உதவி பெறும் பள்ளி, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளி. 7.5இல் வந்துவிடுவான் என்று வீடே நம்பியிருந்தது. வரவில்லை. ஆசிரியருக்கு அரசு சம்பளம், சத்துணவு, இலவசப் புத்தகம் எல்லாம் இருந்தாலும் உதவி பெறும் பள்ளி இந்தக் கணக்கில் சேராது. பொதுத் தரவரிசையில் அவனுக்கு இடம் எட்டவில்லை. அவன் அம்மா மீன் விற்றுப் படிக்க வைத்தவர். அந்தப் பிள்ளைகளையும் சேர்ப்பதுதான் நியாயம் என்பேன். சட்டம் மாறும்வரை, ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரையிலிருந்து:

வயதையும் பாருங்கள். சேரும் வருடம் டிசம்பர் 31க்குள் 17 முடிந்திருக்க வேண்டும். என் தங்கை மகன் ஜனவரியில் பிறந்தவன், பள்ளியில் சீக்கிரம் சேர்த்துவிட்டார்கள். நல்ல மார்க் எடுத்தும் ஒரு வருடம் சும்மா இருக்க வேண்டியதாயிற்று. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து 50 சதவீதம் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 போதும். எங்களைப் போல பிசிஎம் (பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்) பிரிவில் வருபவர்கள் சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்துப் பெயர், இனிஷியல் சரியா என்று பார்த்துவிடுங்கள்.