முதல் வருடம் பேப்பரும் பேனாவும் போதும், ரெசிபி சாஃப்ட்வேர் வேண்டாம்: உங்கள் கருத்து?

தேம்ஸ்கரை (லண்டன்)

போன வாரம் புதிதாகச் சேர்ந்த நண்பர் ஒருவர், வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்கப்போகிறேன், எந்த ரெசிபி சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்டிருந்தார். பீர்ஸ்மித், ப்ரூஃபாதர், ப்ரூவர்ஸ் ஃப்ரெண்ட், ப்ரூடார்கெட் என்று ஆளுக்கொரு பெயர் வந்தது. இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த இழை.

மால்ட் (முளைக்கவிட்டு உலர்த்திய தானியம்) எத்தனை கிலோ, தண்ணீர் எத்தனை லிட்டர் என்று போட்டதும் திரையில் ஓஜி (நொதிக்கும் முன் சாற்றின் அடர்த்தி), எஃப்ஜி (நொதித்து முடிந்த பின் அடர்த்தி), ஐபியு (கசப்பின் அளவு), நிறம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். எல்லாம் பச்சைக் கட்டத்துக்குள் விழுந்தால் ரெசிபி சரி என்று மனசு நம்பிவிடும். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கத் தோன்றாது. இதுதான் எனக்குப் பிடிக்காதது.

அடிப்படைக் கணக்கு ஒரு வரிதான். மாரிஸ் ஆட்டர் மாதிரி பேல் மால்ட் கிலோவுக்கு ஏறக்குறைய 300 புள்ளி சர்க்கரை தரும். 5 கிலோவுக்கு 1500. 20 லிட்டரால் வகுத்தால் 75. மொத்தத்தையும் யாராலும் எடுக்க முடியாது, 72 சதவீதம் என்று வைத்தால் 54. ஓஜி 1.054, அதாவது தண்ணீரின் 1.000-க்கு மேல் 54 புள்ளி. இதைக் கையால் போட்டுப் பார்த்தவருக்கு, இதில் ஊகம் அந்த 72 மட்டும்தான் என்பது கண்ணில் படும். சாஃப்ட்வேரில் அது ஏதோ ஒரு மூலையில் டீஃபால்ட்டாக உட்கார்ந்திருக்கும்.

பனிக்காட்டான் (ஸ்கார்பரோ)

தேம்ஸ்கரை அண்ணை, உந்தக் கணக்கு சரி. ஆனா அது ஒரு நாளில வாற முப்பது கணக்கில ஒண்டு. மிச்சத்தை ஆர் போடுறது?

டொரண்டோவில நான் கராஜில காய்ச்சுறனான். தை மாசத்தில மால்ட் மூட்டை 8 டிகிரியில இருக்கும். கிலோவுக்கு 3 லிட்டர் தண்ணி, மாஷ் (மால்ட்டும் சுடுதண்ணியும் சேர்ந்து ஊறுற கலவை) 67 டிகிரியில நிக்க வேணும் எண்டால், வீட்டுக்குள்ள 20 டிகிரியில இருந்த மால்ட்டுக்கு 73.4 டிகிரித் தண்ணி காணும். குளிர்ந்த மால்ட்டுக்கு 75 தாண்ட வேணும். இதைக் கவனிக்காமல் விட்டால் மாஷ் கீழ இறங்கி, பீர் நினைச்சதை விட இனிப்புக் குறைஞ்சு வறண்டு போகும். சாஃப்ட்வேரில மால்ட்டின்ர வெப்பநிலை எண்டு ஒரு கட்டம் இருக்கு. கனபேர் அதைத் தொடுறதே இல்லை.

என்ர கட்சி இதுதான்: சாஃப்ட்வேரில பிழை இல்லை, எக்விப்மென்ட் ப்ரொஃபைலை (எங்கட பாத்திரங்களின்ர அளவு விவரத்தை) நிரப்பாமல் ஓடுறதுதான் பிழை. புது ஆக்கள் செய்ய வேண்டியது, முதல் பீருக்கு முன்னம் ஒரு நாள் வெறும் தண்ணியைக் காய்ச்சுறது. தங்கட கெட்டிலில (கொதிக்க வைக்கிற பெரிய பானையில), தங்கட அடுப்பில, மூடி இல்லாமல் ஒரு மணித்தியாலம். எத்தினை லிட்டர் குறைஞ்சது எண்டு ஆறவிட்டு அளக்க வேணும். சூடா அளந்தால் 4 சதவீதம் கூடக் காட்டும். பேந்து குழாயைத் திறந்து விட்டு, அடியில எவ்வளவு தங்குது எண்டு பார்க்க வேணும். இந்த ரெண்டு எண்ணும் கைக்கு வந்தால் எந்த சாஃப்ட்வேரும் உங்கட வீட்டுக்குத் தக்கமாதிரி கதைக்கும்.

எடிசன்வாசி (நியூஜெர்சி)

நீங்கள் இருவரும் பேசுவது என் பிரச்சினையைத்தான் என்று நினைக்கிறேன், அதனால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். தேம்ஸ்கரை சார் சொன்ன அதே 5 கிலோ, 20 லிட்டர், 72 சதவீதம். சாஃப்ட்வேர் சொன்னது 1.054. வந்தது 1.050, அதுவும் ஃபெர்மென்டரில் (நொதிக்க விடும் பாத்திரத்தில்) 19 லிட்டர்தான். இங்கே காலன்தான் புழக்கம், எல்லோருக்கும் புரிய லிட்டரில் எழுதுகிறேன். கொதிக்க வைக்கும் முன் 26 லிட்டர், 1.042. கொதித்து முடிந்ததும் 22 லிட்டர். எல்லாம் ஆறிய நிலையில் அளந்தது. அடியில் தங்கிய ஹாப்ஸ் (கசப்புக்காகப் போடும் பூ) கசடோடு 3 லிட்டர் கெட்டிலிலேயே நின்றுவிட்டது.

இன்னொரு குழுவில் கேட்டதற்கு மால்ட்டை இன்னும் நைசாக அரைக்கச் சொன்னார்கள். மில் இடைவெளியைக் குறைக்கலாமா?

யாராநதி (மெல்பர்ன்)

மில்லைத் தொடாதீர்கள்.

உங்கள் எண்களையே பாருங்கள். 26 லிட்டரை 42-ஆல் பெருக்கினால் 1092. கிடைக்கக்கூடியது 1500. 73 சதவீதம் வந்திருக்கிறது. மாஷ் அருமையாக நடந்திருக்கிறது, அரைப்பில் குறையே இல்லை. அடுத்து ஃபெர்மென்டர்: 19 லிட்டர், 50 புள்ளி, 950. அதாவது 63 சதவீதம். நடுவில் போன பத்து சதவீதம் அந்த 3 லிட்டர் கசடில் இருக்கிறது.

மாஷ் எஃபிஷியன்சி வேறு, ப்ரூஹவுஸ் எஃபிஷியன்சி வேறு. முதலாவது கெட்டிலுக்குள் வந்த சர்க்கரை. இரண்டாவது ஃபெர்மென்டருக்குப் போய்ச் சேர்ந்த சர்க்கரை. உங்கள் சாஃப்ட்வேர் 72-ஐ ப்ரூஹவுஸ் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது, உங்களுக்கு 72-ஐ ஒட்டி வந்தது மாஷ். இந்தக் குழப்பத்தில் நைசாக அரைத்திருந்தால், மாஷ் இறுகி வடியாமல் நின்று, அந்த நாளே வீணாகியிருக்கும்.

இனி எண்களைக் கேட்பவர்கள் எல்லோரும் எடிசன்வாசி மாதிரி கொதிப்புக்கு முந்தைய அளவையும் கிராவிட்டியையும் (அடர்த்தியையும்) சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும். அது இல்லாமல் யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

தேம்ஸ்கரை (லண்டன்)

யாராநதி இப்போது செய்தது என்ன? இரண்டு பெருக்கல், இரண்டு வகுத்தல். பேனா வேலை. சாஃப்ட்வேர் எடிசன்வாசிக்கு 72 என்ற ஒரே எண்ணைக் காட்டியது, அதற்குள் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருந்தன. பேனா பிடித்திருந்தால் கொதிப்புக்கு முன்பே, 1.042 என்று பார்த்த நிமிடமே, 1092-ஐ 22-ஆல் வகுத்து 1.050-இல்தான் முடியும் என்று தெரிந்திருக்கும். இன்னும் இருபது நிமிடம் கூடுதலாகக் கொதிக்க விடுவதா, கொஞ்சம் உலர் மால்ட் சாறு சேர்ப்பதா என்று அப்போதே முடிவெடுத்திருக்கலாம்.

ஐபியு கதை இதைவிட மோசம். கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 10 சதவீதம் உள்ள ஹாப்ஸ் 30 கிராம், 20 லிட்டர், 1.050, அறுபது நிமிடக் கொதிப்பு. டின்செத் சூத்திரம் 35 என்கிறது. அதே ஹாப்ஸுக்கு ரேகர் சூத்திரம் 46 என்கிறது. பீர்ஸ்மித்தில் இரண்டையும் தேர்வு செய்யலாம், காரெட்ஸ் என்று மூன்றாவதும் உண்டு. புதியவர் ஒருவர் இணையத்தில் எடுத்த ரெசிபியில் 46 ஐபியு என்று இருக்கிறது. அவர் திரையில் 35 காட்டுகிறது. உடனே ஹாப்ஸைக் கூட்டுகிறார். அந்த ரெசிபியை எழுதியவர் ரேகர் வைத்திருந்தார் என்று இவருக்கு யார் சொல்வது? நாக்கில் கசக்கும்போதுதான் தெரியும்.

பனிக்காட்டான் (ஸ்கார்பரோ)

அதுக்குத்தான் நான் ரெசிபியில ஐபியு எண்ணைப் பார்க்கிறதில்லை. கிராம், ஆல்ஃபா, எத்தினை நிமிசம், எத்தினை லிட்டர், இது நாலையும் போட்டு என்ர சூத்திரத்தில என்ன வருது எண்டு பார்ப்பன். ஒரு சூத்திரத்தைப் பிடிச்சால் அதையே கடைசி வரைக்கும் வைச்சிருக்க வேணும். 35 எண்டது ஆய்வுகூடத்தில அளந்த கசப்பு இல்லை. என்ர போன பீர் 35, அது எனக்குக் காணாது, அடுத்ததை 42 ஆக்குவம் எண்டு ஒப்பிடத்தான் அந்த எண்.

இன்னொண்டு. ஹாப்ஸ் பக்கெட்டில என்ன ஆல்ஃபா போட்டிருக்கோ அதைத்தான் போட வேணும். சாஃப்ட்வேருக்குள்ள இருக்கிறது சராசரி. ஒவ்வொரு அறுவடைக்கும் மாறும். 10 எண்டு உள்ள இருக்க, பக்கெட்டில 12.5 எண்டால், அண்ணை சொன்ன 35 அப்பிடியே 43 ஆகும். இதைப் பேப்பரில போட்டாலும் பிழைதான், சாஃப்ட்வேரில போட்டாலும் பிழைதான்.

யாராநதி (மெல்பர்ன்)

சூத்திரச் சண்டையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்தச் சூத்திரங்கள் நெருப்பில் கொதிக்கும் ஹாப்ஸுக்காக வந்தவை. இப்போது பாதிப் பேர் அடுப்பை அணைத்த பிறகு 80 டிகிரி வாக்கில் கொட்டி அரைமணி நேரம் ஊற வைக்கிறார்கள். அந்த வெப்பத்தில் கசப்பு ஏறுவது மெதுவாக. சாஃப்ட்வேரில் இதற்கென்று வெப்பநிலையும் நேரமும் கேட்கும் தனி இடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு சாதாரணக் கொதிப்பாகவே போடுபவர்களின் ஐபியுவை நான் நம்புவதில்லை.

மட்டுறுத்துநர்

ஒரு இடைச்சொல். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள், அங்கே வீட்டில் காய்ச்சலாமா என்று கேட்டு மின்னஞ்சல் வருகிறது. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அங்கே உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். பிரிட்டனில் 1963-இல் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கான உரிமமுறை எடுக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் கூட்டாட்சி அளவில் அனுமதி. இங்கே பேசுவது அனுமதி உள்ள நாடுகளைப் பற்றி மட்டும். தொடருங்கள்.

தேம்ஸ்கரை (லண்டன்)

ஒரு இடத்தில் பனிக்காட்டானோடு ஒத்துப்போகிறேன், அது தண்ணீர். லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்பு நிறைந்தது. அதில் வெளிர் நிற பீர் போட்டால் மாஷின் பி.எச். 5.2-க்கும் 5.6-க்கும் நடுவில் நிற்காமல் மேலே போய்விடும். ஒவ்வொரு மால்ட்டும் எவ்வளவு அமிலம் தரும், எவ்வளவு லாக்டிக் அமிலம் விட வேண்டும் என்பதைப் பேனாவால் போடச் சொல்ல மாட்டேன். ப்ரன் வாட்டர் மாதிரி ஒரு விரிதாள் போதும்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவில் விற்கும் லாக்டிக் அமிலம் 88 சதவீதம். இங்கே பெரும்பாலும் 80. சாஃப்ட்வேர் 88 என்று வைத்திருந்தால், அது சொன்ன மில்லிலிட்டரை இங்கத்திய பாட்டிலிலிருந்து விடும்போது அமிலம் குறைகிறது. பாட்டிலைத் திருப்பிப் படிக்காமல் ஒரு சொட்டும் விடாதீர்கள்.

பனிக்காட்டான் (ஸ்கார்பரோ)

அண்ணை, தண்ணிக்கு மட்டும் நம்பலாம், மிச்சத்துக்கு நம்பேலாது எண்டால் அது எப்படி? பாட்டிலைப் படிச்சுக் கட்டத்தை மாத்துறதும் ப்ரொஃபைலை மாத்துறதும் ஒரே வேலைதானே.

தேம்ஸ்கரை (லண்டன்)

ஒரே வேலை இல்லை. பி.எச். கணக்கு தப்பினால் பீர் சுமாராக இருக்கும். எஃப்ஜியை நம்பி பாட்டிலில் அடைத்தால் பாட்டில் வெடிக்கும். என் பயமே அதுதான், இத்தனை நேரம் சுற்றி வளைத்துப் பேசியதும் அதற்காகத்தான்.

எஃப்ஜி என்று திரையில் வருவது ஈஸ்ட் பாக்கெட்டின் சராசரியை வைத்துப் போட்ட ஊகம். 1.010 என்று காட்டும். பத்து நாள் ஆகிவிட்டது, முடிந்திருக்கும் என்று, நுரை வாயுவுக்கான சர்க்கரையைப் போட்டு மூடியை அடிப்பார்கள். உண்மையில் 1.016-இல் நின்றிருந்தால்? மீதி ஒவ்வொரு புள்ளியும் பாட்டிலுக்குள் ஏறக்குறைய அரை வால்யூம் வாயு (ஒரு வால்யூம் என்றால் பீரின் கொள்ளளவுக்குச் சமமான வாயு). ஆறு புள்ளிக்கு மூன்று வால்யூம், அதற்கு மேல் நீங்கள் போட்ட சர்க்கரையின் இரண்டரை. சாதாரண பீர் பாட்டில் அதைத் தாங்காது. கண்ணாடிச் சில்லு முகத்தில் தெறிக்கும் விஷயம் இது. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி அளக்கும் மிதவை) ஒரே எண்ணைக் காட்டினால்தான் முடிந்தது என்று அர்த்தம். திரையில் எஃப்ஜி என்ற எண்ணே தெரியாதவர், அளந்துதான் ஆக வேண்டும்.

யாராநதி (மெல்பர்ன்)

இதில் நான் முழுக்க தேம்ஸ்கரை பக்கம். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகலை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். நொதித்த பிறகு ஆல்கஹால் அதன் வாசிப்பைக் கெடுத்துவிடும், திருத்தக் கணக்கு போடாமல் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

சர்க்கரைக் கணக்கில் எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. ப்ரைமிங் கால்குலேட்டர் (பாட்டிலில் போடும் சர்க்கரையைக் கணக்கிடுவது) பீரின் வெப்பநிலை கேட்கும். 19 லிட்டர், 2.4 வால்யூம், 20 டிகிரி என்றால் 117 கிராம் வாக்கில் சர்க்கரை வரும். குளிரூட்டித் தெளியவைத்து 2 டிகிரியில் இருக்கிறது என்று 2 போட்டால் 60 கிராம் சொல்லும், பீர் சப்பென்று ஆகிவிடும். கேட்பது இப்போதைய குளிரை இல்லை. நொதித்து முடியும் கட்டத்தில் பீர் கண்ட அதிகபட்ச வெப்பநிலையை. அப்போது வெளியேறிய வாயு குளிரவைத்ததால் திரும்பி வராது.

ஆனால் இதற்காக வருடம் முழுக்க சாஃப்ட்வேர் வேண்டாம் என்பதை ஏற்க முடியவில்லை. கால்குலேட்டர் இல்லாத காலத்திலும் பாட்டில்கள் வெடித்தன. அளக்காததுதான் காரணம்.

எடிசன்வாசி (நியூஜெர்சி)

அப்படியானால் அடுத்த முறை எஃபிஷியன்சியை 63 என்று மாற்றிவிடவா? இல்லை 72-இலேயே விட்டு மால்ட்டைக் கூட்டவா?

பனிக்காட்டான் (ஸ்கார்பரோ)

ஒரு நாளை வைச்சு எஃபிஷியன்சியை மாத்தாதேங்கோ தம்பி. நாலைஞ்சு முறை காய்ச்சி, வாறதின்ர சராசரியைப் போடுங்கோ. ஒவ்வொரு முறையும் மாத்தினால் எண் ஆடிக்கொண்டே இருக்கும், நீங்கள் எதைத் திருத்தினீங்கள் எண்டே விளங்காது. இப்ப மாத்த வேண்டியது கெட்டில் நட்டம். அங்க 3 லிட்டர் எண்டு போடுங்கோ. மாஷ் எஃபிஷியன்சியை வைச்சுக் கணக்குப் போடு எண்டு ப்ரூஃபாதரில ஒரு தெரிவு இருக்கு, அதை எடுத்து 73 எண்டு வையுங்கோ. ப்ரூஹவுஸ் தானா வரும். பேந்து வேற ஆற்றையும் ரெசிபியை எடுத்தாலும் உங்கட கெட்டிலுக்குத் தக்கமாதிரி மாத்தித் தரும். கையால அதைச் செய்ய ஒவ்வொரு மால்ட்டுக்கும் ஹாப்ஸுக்கும் தனித்தனியா இருந்து கணக்குப் போட வேணும்.

தேம்ஸ்கரை (லண்டன்)

எடிசன்வாசி, 3 லிட்டரைப் பற்றி அவர் சொன்னது சரி, போடுங்கள். ஆனால் அடுத்த முறை கெட்டில் கொதிக்கும் முன் அளவையும் கிராவிட்டியையும் எடுத்து, கடைசியில் எவ்வளவில் முடியும் என்று முதலில் பேப்பரில் எழுதுங்கள். அதற்குப் பிறகு திரையைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் இங்கே இரண்டையும் போடுங்கள், எது எங்கே தப்பியது என்று சேர்ந்து பார்க்கலாம்.

எடிசன்வாசி (நியூஜெர்சி)

சரி சார். அடுத்த சனிக்கிழமை அதே ரெசிபி. கெட்டில் குழாய்க்கு முன்னால் ஒரு வலை போட்டால் அந்த 3 லிட்டரில் ஒன்றாவது மிஞ்சுமா?

யாராநதி (மெல்பர்ன்)

மிஞ்சலாம். ஆனால் பெல்லட் ஹாப்ஸ் (பொடித்து அழுத்திய உருண்டை) வலையை அடைத்துவிடும். ஹாப்ஸைப் பையில் போட்டுக் கொதிக்க வைத்தால் கசடு குறையும், கசப்பும் கொஞ்சம் குறையும். ஒரே நாளில் இரண்டையும் மாற்றாதீர்கள்.