சைக்கிள் விலை 390 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஏறிவிட்டது, வரி என்கிறார்கள். சரியா?

மாலா_பாயான்பாரு

எல்லாருக்கும் வணக்கம். பினாங்குத் தீவில் பாயான் பாருவில் இருக்கிறேன், தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மகனுக்கு 16 வயது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நண்பர்களோடு பாலிக் புலாவ் மேடு ஏறப் போய்விடுவான், அதுவும் இரவல் சைக்கிளில்.

2025 ஜூனில் தீவில் ஒரு கடையில் ரோட் பைக் ஒன்று பார்த்து வைத்தோம். அலுமினியச் சட்டம், தைவான் பிராண்டு, விலைச் சீட்டில் 3,900 வெள்ளி. போனஸ் வந்ததும் வாங்கலாம் என்று விட்டுவிட்டேன். ஆகஸ்ட்டில் போனால் அதே சைக்கிள் அதே கொக்கியில் தொங்குகிறது, சீட்டில் 4,290. கேட்டதற்கு, "ஜூலை 1-லிருந்து எஸ்எஸ்டி 10 விழுக்காடு அக்கா, நாங்கள் என்ன செய்ய முடியும்" என்றார்கள். எஸ்எஸ்டி என்பது விற்பனை, சேவை வரி. ரசீதில் வரி தனியாக வருமா என்றேன். வராதாம்.

390 வெள்ளி எனக்கு ஒரு வார ஓவர்டைம். வரி கட்ட மாட்டேன் என்று சொல்லவில்லை. அதில் அரசாங்கத்துக்குப் போவது எவ்வளவு, கடை ஏற்றியது எவ்வளவு என்று தெரிய வேண்டும். இறக்குமதி வரியும் இதுவும் ஒன்றா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிறை_கந்தா

தங்கச்சி, நான் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில், சரக்கு அனுப்பி எடுக்கும் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் 31 வருடம் கே1 என்ற இறக்குமதிப் படிவம் நிரப்பியவன். சைக்கிள் கண்டெய்னர்களும் என் மேசை வழியாகப் போயிருக்கின்றன. இந்தக் கேள்வியை வாங்குகிறவர்கள் கேட்பதே அரிது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், இரண்டும் வேறு வேறு வரி. இறக்குமதித் தீர்வை என்பது வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வரும்போது மட்டும் விழுவது. விற்பனை வரி இங்கே செய்த பொருளுக்கும் உண்டு, வெளியிலிருந்து வரும் பொருளுக்கும் உண்டு. சைக்கிள் வெளியிலிருந்து வந்தால் இரண்டையும் கஸ்தாமில் (சுங்கத்துறையில்) ஒரே நேரத்தில் கட்ட வேண்டும், அதனால்தான் குழப்பம். 2025 ஜூலை 1-ல் விற்பனை வரியை விரிவாக்கியபோது 10 விழுக்காட்டுப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்தது பந்தய சைக்கிளை. ஆக, உங்கள் ரோட் பைக்கை அந்த வகையில் சேர்த்திருந்தால் கடைக்காரர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

ஆனால் அந்த 10 விழுக்காடு எதன் மேல் என்பதுதான் விஷயம். கடைச் சீட்டின் மேல் இல்லை. சரக்கின் விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றையும் கூட்டி சிஐஎஃப் மதிப்பு என்போம். இறக்குமதித் தீர்வை அதன் மேல். பிறகு தீர்வையையும் சேர்த்த தொகையின் மேல் விற்பனை வரி. வரியின் மேலும் வரி விழும் என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் சைக்கிளுக்கே ஒரு கணக்கு போடுகிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான், தீர்வையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். துறைமுகத்தில் அதன் மதிப்பு 2,000 வெள்ளி என்று வையுங்கள். இறக்குமதி செய்தவரின் லாபம், லோரிக் கூலி, கடை வாடகை, கடையின் லாபம் எல்லாம் ஏறி 3,900 ஆகிறது. வரி வந்த பிறகு கஸ்தாமுக்குப் போவது 200. அந்த 200-ஐ மட்டும் சேர்த்தால் 4,100-தான் வரும். 4,290 எப்படி வந்தது? இறக்குமதியாளரும் கடையும் லாபத்தை விழுக்காட்டில் வைக்கிறார்கள். அடக்க விலை 10 விழுக்காடு ஏறினால் அவர்கள் லாபமும் தானாக 10 விழுக்காடு ஏறிவிடுகிறது. 390-ல் 200 அரசாங்கத்துக்கு, 190 வழியில் நிற்கிறவர்களுக்கு.

அதை மோசடி என்று சொல்ல மாட்டேன். சரக்கில் கூடுதல் பணம் முடங்குகிறது, வங்கி வட்டி ஏறும், கார்டு கட்டணமும் விழுக்காட்டில்தான் போகும். இருந்தாலும் முழு 390-ஐயும் வரி என்று சொல்வது நியாயம் இல்லை.

இன்னொன்று. இந்த விற்பனை வரி ஒரே ஒரு கட்டத்தில், சரக்கு உள்ளே வரும்போது வாங்குவது. பழைய ஜிஎஸ்டி மாதிரி கடைக்குக் கடை கிடையாது, அதனால் ரசீதில் தனியாகத் தெரியாது. அப்படியென்றால் ஜூலை 1-க்கு முன்பே கஸ்தாமைத் தாண்டி வந்த சைக்கிளுக்கு இந்தப் புது வரி கட்டியே இருக்க முடியாது. ஜூனில் நீங்கள் பார்த்தது அதே சைக்கிள்தானே? எப்போது வந்த சரக்கு என்று கேளுங்கள். கடைக்காரரிடம் சண்டை வேண்டாம், மெதுவாகக் கேளுங்கள்.

கேஎல்_செந்தூல்_ரைடர்

கந்தா அங்கிள் சொன்னதோடு நாணய மாற்றையும் சேர்த்துப் பாருங்கள். கம்பெனிகள் பெரும்பாலும் டாலரில்தான் சரக்கு வாங்குகின்றன. 2024 பிப்ரவரியில் டாலர் 4.80 வெள்ளியைத் தொட்டது. 2025 ஆகஸ்ட்டில் 4.20-ஐ ஒட்டி இருந்தது. டாலர் ஏறியபோது விலையை ஏற்றினார்கள், இறங்கியபோது நான் போன கடைகளில் யாரும் இறக்கவில்லை. வரி விழுக்காட்டை விட இது பெரிய தொகை.

அப்புறம், பாகங்களை இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கித் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு உண்டு.

மாலா_பாயான்பாரு

ரொம்ப நன்றி அங்கிள், நன்றி தம்பி. இன்னொரு கேள்வி. இந்தோனேசியாவில் செய்த சைக்கிள் வாங்கினால் வரி குறையுமா?

பிறை_கந்தா

இறக்குமதித் தீர்வையில் குறையும். ஆசியான் நாட்டில் செய்தது என்று ஃபார்ம் டி சான்றிதழ் இருந்தால் சலுகை விகிதம். சீனாவில் செய்ததற்கு ஃபார்ம் ஈ. தைவானோடு நமக்கு அந்த மாதிரி ஒப்பந்தம் இல்லை, அங்கே செய்ததற்குப் பொது விகிதம்தான். பிராண்டு தைவானாக இருக்கலாம், சைக்கிளைச் செய்தது சீனாவில் இருக்கலாம். சைக்கிளின் சட்டத்தில் (ஃபிரேமில்) ஒட்டியிருப்பதைப் படியுங்கள். ஆனால் விற்பனை வரிக்கு இந்தச் சான்றிதழ் உதவாது. அது எந்த நாட்டுச் சைக்கிளுக்கும் ஒன்றுதான்.

எங்கே செய்தது என்பதை நாடுகள் எவ்வளவு கவனிக்கும் என்பதற்கு நம் நாடே உதாரணம். ஐரோப்பிய ஒன்றியம் 1993 முதல் சீன சைக்கிளுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி, அதாவது அளவுக்கு மீறி மலிவாகக் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கும் வரி, போட்டு வந்தது. 2005-ல் அது 48.5 விழுக்காடு. 2013-ல் அதே வரியை இந்தோனேசியா, மலேசியா, இலங்கை, துனீசியா நாடுகளிலிருந்து போகும் சைக்கிளுக்கும் நீட்டினார்கள். சீனச் சரக்கு இந்த நாடுகள் வழியாகச் சுற்றி வருகிறது என்பது காரணம். உண்மையிலேயே இங்கே செய்கிற தொழிற்சாலைகள் தனியாக மனுப்போட்டு நிரூபிக்க வேண்டியிருந்தது.

கஸ்தாமில் சரக்கை வகைப்படுத்தும் எண்ணையும் கேளுங்கள். பந்தய சைக்கிள் 8712.00.10, பிள்ளைகள் சைக்கிள் 8712.00.20. கே1 படிவத்தில் எந்த எண் போட்டார்களோ அதற்குத்தான் வரி. மடக்கு சைக்கிளுக்கும் கூடைவைத்த சைக்கிளுக்கும் "எஸ்எஸ்டி" என்று விலை ஏற்றினால் கட்டாயம் இந்த எண்ணைக் கேட்க வேண்டும்.

தீர்வை விலையை என்ன செய்யும் என்று நான் முதலில் பார்த்தது அப்பாவிடம். 1969 வரை பினாங்குத் தீவு தீர்வையில்லாத் துறைமுகம். அப்பா தீவில் ஜார்ஜ் டவுனில் ஒரு ராலே சைக்கிள் வாங்கி ஃபெர்ரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பட்டர்வொர்த் ஜெட்டியில் கஸ்தாம் நிறுத்தி, ரசீதைப் பார்த்து, தீர்வை கட்டச் சொன்னார்கள். கையில் இருந்த காசு போதவில்லை. சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்து, அம்மாவிடம் வாங்கிக்கொண்டு திரும்பப் போனார். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் ஒரு விலை. அன்றைக்குத் தீர்வை எவ்வளவு என்பது அவர் கையில் தனிச்சீட்டாக இருந்தது. இன்றைக்கு உங்களுக்கு அந்தச் சீட்டு இல்லை, அதனால்தான் இத்தனை கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

மாலா_பாயான்பாரு

இன்று மாலை போய்க் கேட்டேன். தவுக்கே (கடை முதலாளி) கோபப்படவில்லை. உள்ளே போய்ப் பழைய டெலிவரி ஆர்டரை எடுத்து வந்தார். ஏப்ரல் தேதி. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விலைப்பட்டியல் கம்பெனியிலிருந்து புதிதாக வந்தது, எல்லாவற்றுக்கும் சேர்த்து மாற்றிவிட்டோம் என்றார். பழைய விலைக்கே தருகிறேன், ஆனால் பெடல் இலவசமாகத் தர முடியாது என்றார். சரி என்றேன். மகன் வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் போய் எடுத்து வருவான்.