பார்வை மங்கிய அப்பாவுக்குப் போனில் குரல் உதவியாளர்: நிஜமாகவே பயன்படுமா?

கரிசல்காட்டுப்பெண் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 74. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, இனிச் சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓரப்பார்வை இருப்பதால் வீட்டுக்குள் நடமாடுவார், டீக்கடை வரை தனியாகப் போய் வருவார். ஆனால் நேராகப் பார்த்தால் முகமும் தெரியாது, எழுத்தும் தெரியாது. போன் அடித்தால் பச்சை எங்கே சிவப்பு எங்கே என்று திரையைத் தடவிக்கொண்டிருப்பார். அதற்குள் கட்டாகிவிடும்.

அவர் சங்கரன்கோவிலில் இருக்கிறார், நான் திருப்பூரில், அண்ணன் மஸ்கட்டில். அண்ணன் ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கி அனுப்பி, "வாயால் சொன்னாலே போதும், எல்லாம் செய்யும்" என்றான். நான் ஊருக்குப் போயிருந்தபோது செட் பண்ணிக் கொடுத்தேன். நான் கூப்பிட்டால் உடனே கேட்கிறது. அப்பா கூப்பிட்டால் பல நேரம் கண்டுகொள்வதே இல்லை. அப்படியே கேட்டாலும், "பெரியவனுக்குப் போன் போடு" என்றால் இணையத்தில் எதையோ தேடிக் காட்டுகிறது. "மருதுவுக்குப் போடு" என்றால் மருத்துவமனைப் பட்டியல் வருகிறது. காலையில் ஒழுங்காக இருப்பது மதியத்துக்கு மேல் ஊமையாகிவிடுகிறது. சில நேரம் "முதலில் போனை அன்லாக் செய்யவும்" என்கிறது. "கண்ணு தெரிஞ்சா நான் ஏன்டா உன்னைக் கூப்பிடுறேன்" என்று அப்பா அதனிடமே கேட்டுவிட்டார்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா? இல்லை, பழையபடி பட்டன் போனே வாங்கிக் கொடுத்துவிடலாமா?

நேர்கோடு:

பட்டன் போன். யோசிக்கவே வேண்டாம்.

2011-ல் ஐபோன் 4எஸ்-இல் சிரி என்ற குரல் உதவியாளர் வந்ததிலிருந்து "இனி எல்லாம் பேச்சுதான்" என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து பெரியவர்கள் அதில் அலாரம் வைக்கிறார்கள், பிள்ளைகள் ஜோக் சொல்லச் சொல்லிச் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். பட்டன் போனில் 2-ஐ அழுத்திப் பிடித்தால் மகள், 3-ஐ அழுத்திப் பிடித்தால் மகன். நடுவில் 5 மேல் சின்னதாக ஒரு மேடு இருக்கும், அதைத் தடவியே மற்ற எண்களைப் பிடித்துவிடலாம். நெட் வேண்டாம், தினமும் சார்ஜும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: 5-லும் 9-லும் ஸ்பீட் டயல் வைக்காதீர்கள். நம் நாட்டில் விற்கும் பட்டன் போன்களில் அந்த இரண்டில் ஒன்றை அழுத்திப் பிடித்தால் அவசர உதவி எண்ணான 112-க்குப் போகும்படி வைத்திருக்கிறார்கள்.

ரேடியோப்பெட்டி:

மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் போன் கெட்டுப்போகவில்லை, அதை நம்புங்கள். முதலில் இரண்டு கேள்வி.

ஒன்று, உதவியாளரைக் கூப்பிடும் "ஹே கூகுள்" என்ற சொல்லுக்குக் குரல் பழக்கும்போது சொன்னது யார்? நீங்களா, அப்பாவா? இரண்டாவது, அந்த போனில் இருக்கும் காண்டாக்ட் எல்லாம் எங்கிருந்து வந்தது?

பதில் வருவதற்குள் மதியம் ஊமையாவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கூப்பிடும் சொல்லுக்காக போன் எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பல கம்பெனி போன்களில் பேட்டரி மிச்சம் பிடிக்க, பின்னணியில் ஓடும் ஆப்பைத் தானாகவே நிறுத்திவிடுவார்கள். காலையில் யாராவது போனை எடுத்து நோண்டியிருப்பார்கள், ஆப் உயிரோடு இருக்கும். அப்புறம் சும்மா கிடந்தால் அணைந்துவிடும். செட்டிங்ஸில் ஆப்ஸ் என்பதற்குள் போய், கூகுள் ஆப்பைத் தொட்டு, பேட்டரியில் கட்டுப்பாடு இல்லை என்று வையுங்கள். ஆட்டோஸ்டார்ட் என்று தனியாக ஒன்று இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். பேட்டரி சேவர் ஆனில் இருந்தால் அணையுங்கள்.

கவர் எந்த மாதிரி? அடியில் மைக் ஓட்டை இருக்கும். அண்ணன் அனுப்பிய போன் கீழே விழுந்து உடையக் கூடாது என்று தடி ரப்பர் கவர் போட்டு அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு வருபவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

கரிசல்காட்டுப்பெண்:

குரல் என்னுடையதுதான். காண்டாக்ட்டும் என் போனிலிருந்து அப்படியே ஏற்றியது.

ரேடியோப்பெட்டி:

அப்போது பாதி விடை கிடைத்துவிட்டது. போனுக்குப் பழக்கியது உங்கள் குரல், அதனால்தான் அப்பா கூப்பிட்டால் கண்டுகொள்வதில்லை. அடுத்தது பெயர்கள். உங்கள் போனில் அண்ணன் பெயர் என்னவென்று இருக்கும்? "அண்ணா மஸ்கட்" என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். அப்பாவுக்கு அவர் அண்ணாவா? அவர் வாயில் வருவது "பெரியவன்". அந்தப் பெயரில் போனில் யாருமே இல்லை என்பதால் இணையத்துக்கு ஓடுகிறது. உங்கள் சித்தப்பா அவருக்குத் தம்பி. உங்கள் தோழிகள் நம்பர் அவருக்கு எதற்கு?

முழுசாக அழித்துவிட்டு, அவர் அடிக்கடி பேசும் பத்துப் பதினைந்து பேரை மட்டும், அவர் எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே, தமிழ் எழுத்திலேயே போடுங்கள். ஒன்றுபோல் ஒலிக்கும் பெயர்கள் வேண்டாம். மருது மாதிரி வேறு சொல்லோடு குழம்பும் பெயருக்கு "மருது மச்சான்", "டீக்கடை மருது" என்று ஒட்டு வையுங்கள். உதவியாளரின் மொழியும் தமிழ் (இந்தியா) என்று இருக்கட்டும். ஆங்கிலத்தில் இருந்தால் நம் ஊர்ப் பெயர்களைக் கடித்துத் துப்பிவிடும். 2018-லேயே கூகுள் அசிஸ்டன்ட் தமிழுக்கு வந்துவிட்டது, ஆனால் கடைக்கு வரும் போன்களில் முக்கால்வாசி இன்னும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று, "ஹே கூகுள்" என்று கூப்பிடுவதையே விட்டுவிடுங்கள். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் உதவியாளர் வரும்படி செட்டிங்ஸில் வைக்கலாம். கைக்குத் தட்டுப்படும் பொத்தான், குரல் பொருந்தவில்லை என்ற பேச்சே இல்லை. ஆனால் அப்படி வைத்தபின் போனை அணைக்க பவரையும் ஒலி கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும், வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

அன்லாக் கேட்பதற்குத் தீர்வு, இப்போது அந்த போனில் இருப்பது பழைய அசிஸ்டன்ட்டா, கூகுளின் புதிய ஏஐ உதவியாளரான ஜெமினியா என்பதைப் பொறுத்தது. போன்களில் அசிஸ்டன்ட்டை எடுத்துவிட்டு ஜெமினியைக் கொண்டுவரப்போவதாக 2025 மார்ச்சில் கூகுள் அறிவித்தது, அப்டேட்டில் மாறியிருக்கலாம். ஜெமினி என்றால் அதன் செட்டிங்ஸில் லாக் ஸ்கிரீன் பகுதியைத் திறந்து, அன்லாக் செய்யாமலே கால் செய்ய அனுமதி கொடுங்கள். எதுவும் பிடிபடவில்லை என்றால் திரைப் பூட்டையே எடுத்துவிடுங்கள். ஆனால் அந்த போனில் பேங்க் ஆப், யுபிஐ எதுவும் இருக்கக் கூடாது.

விரல்நுனி:

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை, பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். நாள் முழுக்க ஸ்மார்ட்போன்தான். அதனால் "பயன்படுமா" என்ற கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குரல் உதவியாளர் எனக்கு நாலைந்து வேலைக்குத்தான். மணி கேட்க, அலாரம் வைக்க, ஒருவருக்குக் கால் போட, பேட்டரி எவ்வளவு என்று கேட்க. மற்ற எல்லாவற்றுக்கும் திரை வாசிப்பான், அதாவது டாக்பேக். பார்வை உள்ளவர்கள் இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். உதவியாளர் நீங்கள் சொல்வதைக் கேட்கும், சில நேரம் தப்பாகவும் கேட்கும். வாசிப்பான் திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லும். அது பெரும்பாலும் தப்புவதில்லை.

ஆனால் 74 வயதில், ஓரப்பார்வையும் இருக்கும்போது, டாக்பேக்கை ஆன் செய்து கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு தடவை தொட்டால் வாசிக்கும், இரண்டு தடவை தட்டினால்தான் திறக்கும். தொடுவது, நகர்த்துவது எல்லாமே மாறிவிடும். பக்கத்தில் யாராவது இருந்து பழக்க வேண்டும். உதவிக்கு வரும் பக்கத்து வீட்டுப் பையனுக்கே போனைத் திறக்கத் தெரியாமல் போய்விடும்.

அவருக்கு நான் வேறு இரண்டு விஷயம் சொல்வேன். கூகுளின் போன் ஆப்பில், அழைப்பவர் பெயரை வாய்விட்டுச் சொல்லும் வசதி உண்டு. காலர் ஐடி அனவுன்ஸ்மென்ட் என்று இருக்கும், எப்போதும் என்று வையுங்கள். அடிக்கும்போதே யார் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும். அடுத்தது, முகப்புத் திரையில் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, டைரக்ட் டயல் விட்ஜெட், அதாவது தொட்டதும் ஒருவருக்கு நேராகக் கால் போகும் கட்டம், நான்கு மட்டும் நான்கு மூலைகளில் வையுங்கள். நடுப்பார்வை போனவருக்கு மூலை தெரியும், தெரியாவிட்டாலும் விரல் போனின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூலைக்குப் போய்விடும். மேலே இடது மூலை நீங்கள், வலது மூலை பெரியவன். இதற்கு நெட்டும் வேண்டாம், குரலும் வேண்டாம்.

பேசும் முறையிலும் ஒன்று இருக்கிறது. வயதானவர்கள் பொத்தானை அழுத்திய கையோடு பேச ஆரம்பித்துவிடுவார்கள். "டொய்ங்" என்ற சத்தம் வந்தபின்தான் அது கேட்கும், அதற்கு முன் சொன்னது காற்றோடு போச்சு. "பெரியவனுக்குப் போன் போடு" என்பதில் "பெரி" விழுந்துவிட்டால் மிச்சத்தை வைத்து அது என்ன செய்யும்? சத்தம் வரட்டும், ஒரு மூச்சு விடட்டும், அப்புறம் பெயரும் "கால் பண்ணு"வும் மட்டும். "ஏம்மா, அந்தப் பெரியவனுக்கு ஒரு போனைப் போட்டுக் குடு" என்று மரியாதையாகக் கேட்டால் திணறும்.

வட்டார வழக்கு பிடிபடுவது மெல்ல மெல்லத் தேறிவருகிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 22 மொழிகளில் பல மாவட்டத்து மக்களின் பேச்சைச் சேகரித்து வருகிறது. நெல்லைத் தமிழை நெல்லைத் தமிழாகவே புரிந்துகொள்ளும் நாள் வரும். இப்போதைக்குச் சுருக்கமாகப் பேசுவதுதான் வழி.

ஹைவே ராஜா:

லாரி ஓட்டுகிறேன். கை ஸ்டியரிங்கில் இருக்கும்போது எனக்கு இது உதவுகிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் கண்ணாடி இறக்கியிருந்தால் ஒன்றும் கேட்காது. மைக் இருக்கிற ஒயர் ஹெட்செட் போட்டு அதில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தாலும் உதவியாளர் வரும். மைக் வாய்ப்பக்கம் இருப்பதால் தெளிவாகக் கேட்கும். ஐயாவுக்குக் கழுத்தில் தொங்கவிட்டுக் கொடுத்துப் பாருங்கள்.

நேர்கோடு:

எல்லாம் சரி. வீட்டில் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்குமே, அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை? 2019-ல் சிரியின் பதிவுகளை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டது வெளியே வந்து ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. அது தொடர்பான வழக்கை முடிக்க 9.5 கோடி டாலர் தரவும் ஒப்புக்கொண்டது.

விரல்நுனி:

நியாயமான கவலைதான். கூப்பிடும் சொல்லுக்குக் காத்திருக்கும் வரை போனுக்குள்ளேயேதான் நடக்கிறது, சொல் விழுந்தபின் வருவதுதான் வெளியே போகிறது. தப்பாக விழித்துக்கொள்ளும் நேரங்களில்தான் சிக்கல். ரேடியோப்பெட்டி சொன்னபடி பவர் பொத்தானுக்கு மாற்றி, "ஹே கூகுள்" கேட்பதை அணைத்துவிட்டால் அந்தச் சிக்கலும் இல்லை. கூகுள் கணக்கில் மை ஆக்டிவிட்டி பக்கத்தில் பழைய பதிவு ஏதும் இருந்தால் அழித்துவிடலாம்.

என்னைக் கேட்டால் உடனடி ஆபத்து அதுவல்ல. ஓடிபி-யையும் ஏடிஎம் எண்ணையும் குரலில் சொல்லி வேலை முடிக்கும் பழக்கம்தான் ஆபத்து. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓடிபி-யைச் சத்தமாகச் சொன்னவர்கள் நிறையப் பேர். எனக்குக் கண்தான் தெரியாது, காது நன்றாகக் கேட்கும்.

கரிசல்காட்டுப்பெண்:

ஊருக்குப் போய்ச் செய்துவிட்டு வந்தேன். காண்டாக்ட் முழுவதும் அழித்து, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, யாரை எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டுக் கேட்டுப் போட்டேன். அத்தை "தங்கச்சி" ஆகிவிட்டாள், கேஸ்காரர் "சிலிண்டர் தம்பி". என் பெயரையே அவர் சொல்வதில்லை, நான் "பாப்பா". எனக்கு நாற்பத்தைந்து வயதாகிறது, பரவாயில்லை.

பவர் பொத்தான் பழகிவிட்டது. "பாப்பா, கால் பண்ணு" பெரும்பாலும் சரியாகவே வருகிறது. "சிலிண்டர் தம்பி" ஒரு தடவையும் தப்பவில்லை. டீக்கடை மருது இன்னும் மருத்துவமனைக்குத்தான் போகிறார், அவரை வலது கீழ் மூலையில் விட்ஜெட்டாக வைத்துவிட்டேன். மூலை ஐடியாதான் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, விளிம்பைத் தடவி நேராகப் போய்விடுகிறார். ஹெட்செட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

நிற்காத பிரச்சினை ஒன்று: கரண்ட் போனால் வைபை போய்விடுகிறது, உதவியாளரும் போய்விடுகிறது. வீடியோ கால் பேசவும் ஆசைப்படுகிறார்.

ரேடியோப்பெட்டி:

மொபைல் டேட்டாவை எப்போதும் ஆனிலேயே வைத்திருங்கள், வைபை போனால் அது தானாக எடுத்துக்கொள்ளும். டேட்டா பேக் தீரும் தேதியை உங்கள் போனில் நினைவூட்டலாகப் போட்டுவையுங்கள். பெரும்பாலும் அன்றுதான் "போன் கெட்டுப்போச்சு" என்று கடைக்கு வருவார்கள். வீடியோ காலை அவர் போட வேண்டாம், நீங்கள் போடுங்கள். எடுப்பதை மட்டும் கைப்பழக்கமாக்கினால் போதும்.

நேர்கோடு:

சரி, ஒத்துக்கொள்கிறேன், பட்டன் போன் மட்டும் போதாது. ஆனால் அதுவும் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும், 2-ல் பாப்பாவோடு.

மேகமலை:

குறுக்கே ஒரு சந்தேகம். என் அம்மாவிடம் இருப்பது ஐபோன். அதில் தமிழ் உண்டா?

விரல்நுனி:

ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ் 18-இலிருந்து இந்திய ஆங்கிலத்தோடு தமிழையும் கலந்து சிரியிடம் பேசலாம். மொழி இங்கிலீஷ் (இந்தியா) என்று இருக்க வேண்டும். அம்மாவுக்குப் பச்சைப் பொத்தான் தேடுவதுதான் கஷ்டம் என்றால், செட்டிங்ஸில் அக்ஸஸிபிலிட்டி, அதில் டச், அதற்குள் கால் ஆடியோ ரூட்டிங், அதற்குள் ஆட்டோ ஆன்ஸர் கால்ஸ். எத்தனை நொடிக்குப் பிறகு தானாக எடுக்க வேண்டும் என்று கேட்கும். ஸ்பீக்கரையும் அங்கேயே ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் எடுத்தது அம்மாவுக்குத் தெரியாமலே நீங்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள். யார் போட்டாலும் எடுத்துவிடும் என்பதால், தெரியாத எண்களைச் சைலன்ஸ் செய்யும் வசதியையும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.