நெர்ஹாவுக்கு ஒரு நாள் போதுமா? குகையா, மாரோ பாறைக்கரையா?

மூட்டைமுடிச்சு:
மே கடைசி வாரம் தென் ஸ்பெயினின் மலாகாவில் நான்கு இரவு தங்கல். கிழக்கே ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும் நெர்ஹாவுக்கு அதில் எவ்வளவு ஒதுக்குவது? டூர்க்காரர் அட்டவணையில் கடலைப் பார்த்த மேடையான பால்கன் தெ எவ்ரோபா, நெர்ஹா குகை, பக்கத்து மலையூர் ஃப்ரிஹிலியானா மூன்றையும் ஒரே பகலில் திணித்திருக்கிறார்கள். வருவது நான்கு பேர். ஒருவருக்கு வயது 68, முழங்கால் வலி உண்டு. ஒரு பிள்ளைக்கு 9 வயது. கார் எடுப்பதா வேண்டாமா என்பது இன்னும் முடிவாகவில்லை.

சுண்ணக்கல்:
ஒரு நாள் தாராளம். டூர்க்காரர் போட்ட வரிசைதான் தப்பு. முதலில் ஊருக்குள் இறக்கிவிட்டு, உச்சிவேளைக்குக் குகைக்குக் கூட்டிப்போவார்கள். எல்லாப் பேருந்தும் வந்து குவிவது அந்த நேரத்தில்தான். குகைச்சீட்டு நேரக்கணக்கில் விற்கிறது, ஆகவே காலை முதல் நேரத்துக்கு இணையத்திலேயே எடுத்துவிட்டு நேரே குகை இருக்கும் மாரோவுக்குப் போங்கள். ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர்தான்.

குகையை 1959 ஜனவரி 12-ல் கண்டுபிடித்தவர்கள், வௌவால் தேடிப்போன ஐந்து உள்ளூர்ப் பையன்கள். மறு வருடமே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். உள்ளே ‘பேரழிவு மண்டபம்’ என்று ஒரு அறை. அதன் நடுவில் நிற்கும் தூண் 32 மீட்டர் உயரம், அடிப்பாகம் 13-க்கு 7 மீட்டர். கூரையிலிருந்து இறங்கிய சுண்ணக் கூம்பும் தரையிலிருந்து எழுந்த கூம்பும் ஒட்டிக்கொண்டு ஆன தூண் அது. மண்டபத்துக்கு அந்தப் பெயர் வந்த காரணம் கீழே கிடக்கிறது: பழைய நிலநடுக்கத்தில் முறிந்து விழுந்த தூண் துண்டுகள். அவற்றின் மேலேயே புதுக் கூம்புகள் வளர்ந்திருப்பதைக் கவனியுங்கள். படம் எடுக்கிற அவசரத்தில் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

ஒத்தையடிப்பாதை:
அண்ணே, கேட்டவர் முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறாரே, படிக்கவில்லையா? நடைபாதையில் நானூறுக்கும் மேல் படிகள். லிஃப்ட் கிடையாது, சக்கர நாற்காலி போகாது. ஈரப்பதம் அதிகம், படிகள் எந்நேரமும் நசநசவென்று இருக்கும். 68 வயதுக்காரர் இறங்கிவிடுவார், ஏறும்போது பின்னால் வருகிற கூட்டம் நெருக்கும்.

இவ்வளவுக்கும் சுற்றுலாப் பயணி பார்ப்பது குகையில் மூன்றில் ஒரு பங்கு. மேல் கூடங்களும் புதுக் கூடங்களும் பூட்டியவை. விளம்பரத்தில் கடல்நாய் ஓவியம் என்று போடுகிறார்களே, அது பூட்டிய பகுதியில் இருக்கிறது. டிக்கெட் வாங்கியவர் கண்ணுக்கு அது படாது. விளக்கு வெளிச்சத்தில் முக்கால் மணி நேரம் வரிசையில் நகர்வதற்கா ஸ்பெயின் வரை போவது? கிழக்கே மாரோ-செரோ கோர்தோ பாறைக்கரை பன்னிரண்டு கிலோமீட்டருக்கு நீள்கிறது, 1989-லிருந்து காப்புப் பகுதி. அதற்கு இரண்டு இரவு வையுங்கள்.

சுண்ணக்கல்:
படி விஷயம் நியாயம், ஒப்புக்கொள்கிறேன். முழங்கால் ஒத்துழைக்காதவர் வெளித் தோட்டத்தில் உட்காரட்டும், மற்ற மூவரும் உள்ளே போய் வரட்டும்.

‘விளக்கு வெளிச்சத்தில் வரிசை’ என்று தள்ளுவதைத்தான் ஏற்கமாட்டேன். அந்தக் கடல்நாய்ப் படங்களைப் பற்றி 2012-ல் கோர்தோபா பல்கலைக்கழகத்தின் ஹோசே லூயிஸ் சான்சித்ரியான் ஒரு செய்தி வெளியிட்டார். 42,000 ஆண்டுக்கு மேல் பழையவை, நியாண்டர்தால் மனிதர் வரைந்ததாக இருக்கலாம் என்று. உலகமே எழுதியது. ஆனால் காலம் கணித்தது வண்ணத்தை அல்ல, படத்துக்குப் பக்கத்தில் கிடந்த கரித்துண்டை. கரி எரிந்த அன்றே படமும் வரைந்தார்கள் என்பதற்குச் சாட்சி இல்லை. சர்ச்சை முழுக்க இந்த இடைவெளியில்தான் நிற்கிறது. 2023-ல் வந்த இன்னொரு ஆய்வு, பந்தம் பிடித்தவர்கள் விட்டுப்போன கரியையும், சுண்ணப் படிவுக்குள் அடுக்கடுக்காகச் சிக்கிய புகையையும் கணக்கிட்டது. மனிதர்கள் 41,000 ஆண்டுக்கு முன்பே அங்கே நுழைந்திருக்கிறார்கள், விட்டுவிட்டு ஏறக்குறைய 35,000 ஆண்டு வந்துபோயிருக்கிறார்கள். இது தெரிந்து நடந்தால் அந்த முக்கால் மணி நேரம் வேறு மாதிரி இருக்கும்.

மூடி வைத்ததையும் குறையாகச் சொல்ல வேண்டாம். கூட்டம் மூச்சுவிட்டால் கரியமிலவாயு ஏறும், விளக்கு படுகிற இடமெல்லாம் பாசி பிடிக்கும். அதனால்தான் பூட்டியிருக்கிறார்கள்.

பஸ்பயணி:
இரண்டு பேரும் சண்டை போடுகிறீர்கள், கேட்டவருக்குக் கார் வேண்டுமா வேண்டாமா என்பதை யாரும் சொல்லவில்லை. நெர்ஹாவுக்கு ரயில் கிடையாது. மலாகா பேருந்து நிலையத்திலிருந்து பஸ், ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். விரைவு வண்டியா, கரையோர ஊர்தோறும் நிற்கும் வண்டியா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், வித்தியாசம் அதில்தான். நெர்ஹாவிலிருந்து குகைக்கும் ஃப்ரிஹிலியானாவுக்கும் தனித்தனி பஸ். ஞாயிற்றுக்கிழமையை நம்பித் திட்டம் போட வேண்டாம், சர்வீஸ் குறையும்.

கார் எடுத்தால் ஊருக்குள் பிளாசா தெ எஸ்பாஞ்யாவின் அடியில் இருக்கும் கட்டண நிறுத்துமிடத்தில் விட்டுவிடலாம். அங்கிருந்து பால்கன் தெ எவ்ரோபா நடை தூரம், தரையும் சமம், முழங்காலுக்குச் சிரமமில்லை. 1884 டிசம்பர் நிலநடுக்கச் சேதத்தைப் பார்க்க அடுத்த மாதம் வந்த மன்னர் பன்னிரண்டாம் அல்ஃபோன்சோ இந்த இடத்துக்கு ‘ஐரோப்பாவின் பால்கனி’ என்று பெயர் வைத்தார் என்பது ஊர்க் கதை. கம்பியில் சாய்ந்தபடி அவருக்கு ஒரு வெண்கலச் சிலை. முன்பு அங்கே கோட்டை இருந்தது, 1812-ல் ஆங்கிலேயக் கப்பல்கள் தகர்த்தன. அரை மணி நேரம் போதும்.

கார் இருந்தும் மாட்டுகிற இடம் மாரோ கடற்கரை. இறக்கம் செங்குத்து, கீழே வண்டி நிறுத்த இடமே இல்லை. மாரோ ஊரிலேயே நிறுத்திவிட்டு நடந்து இறங்க வேண்டும். திரும்பி ஏறுவது வெயிலில். ஒத்தையடி சொல்கிற பாறைக்கரைக்கும் முழங்கால் வேண்டும் ஐயா.

ஒத்தையடிப்பாதை:
அதற்குத்தான் கான்யுவேலோ, காந்தாரிஹான் கரைகள். இரண்டும் பழைய ‘என்-340’ சாலையிலிருந்து பிரிகின்றன. கோடையில் தனியார் வண்டி இறங்கத் தடை, மேலே நிறுத்திவிட்டால் சிற்றுந்து கீழே இறக்கிவிடும். அந்தச் சிற்றுந்து மே கடைசியில் ஓடுகிறதா என்று புறப்படும் வாரம் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஓடாவிட்டால் வெயிலில் செங்குத்து ஏற்றம்தான். காந்தாரிஹான் கிரனாதா மாகாணத்தில் சேர்ந்தது, ஆடையில்லாமல் குளிப்பவர்களுக்குப் பேர்போன இடம். பிள்ளையோடு போகிறவர்கள் தெரிந்து போகட்டும். மணல் என்று நினைக்காதீர்கள், சாம்பல் நிறக் கூழாங்கல்லும் பருமணலும்தான். ரப்பர் செருப்பு இல்லாமல் தண்ணீரில் இறங்கினால் பாதம் கிழியும்.

போகிற வழியில், சாலையில் நின்றபடியே ஆகிலா நீர்ப்பாலத்தைப் பார்த்துவிடலாம். நான்கு அடுக்கு, 37 வளைவு. பலர் ரோமானியர் கட்டியது என்று எழுதிவிடுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், மாரோவின் சர்க்கரை ஆலைக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கட்டியது. உச்சியில் காற்றுத் திசைகாட்டியாக இரட்டைத் தலைக் கழுகு இருக்கிறது.

துடுப்பு:
மாரோ அருவியை யாரும் சொல்லவில்லை. பாறையிலிருந்து நேரே கடலில் விழுகிறது, கடலிலிருந்துதான் சரியாகத் தெரியும். நெர்ஹாவின் புர்ரியானா கரையிலிருந்து கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் போய்வர இரண்டரை முதல் மூன்று மணி நேரம். இது காப்புப் பகுதி. கட்டுப்பாடு கூடிக்கொண்டே போகிறது, அனுமதி பெற்ற வழிகாட்டியோடு போவதே சரி.

நேரம் முக்கியம். காலை ஒன்பது, ஒன்பதரைக்குப் புறப்பட்டால் கடல் படுத்திருக்கும், மதியத்துக்கு மேல் காற்று ஏறும். கிழக்கிலிருந்து வருவதை அங்கே ‘லெவாந்தே’ என்பார்கள், நம் கடற்கரை வழக்கில் கொண்டல். அது அடித்தால் பாறைக்கடியில் அலை மோதித் திரும்பிக் குறுக்கலையாகிவிடும். கயாக் புரள்வது பெரும்பாலும் அங்கேதான், நடுக்கடலில் இல்லை. பாறையிலிருந்து இருபது முப்பது மீட்டர் தள்ளியே ஓட்டுங்கள். மேற்கிலிருந்து வருவது ‘போனியெந்தே’, நம் கச்சான். அது தொடர்ந்து வீசினால் மேல்தண்ணீர் ஒதுங்கி அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். மே மாதத்தில் எப்படியும் தண்ணீர் நடுங்க வைக்கும், பிள்ளைக்கு ரப்பர் உடை கேட்டு வாங்குங்கள்.

முகமூடிக் கண்ணாடி வைத்திருந்தால் கரையோரமே கடல்புல் தெரியும். பொசிடோனியா என்று பெயர், மத்தியதரைக் கடலில் அது வளரும் மேற்கு எல்லை ஏறக்குறைய இங்கேதான். பாறை நிழலில் ஆரஞ்சு நிறப் பவளமும் உண்டு. தொடக்கூடாது.

ஒத்தையடிப்பாதை:
இரண்டு இரவு கேட்டதற்கு உண்மையான காரணத்துக்கு வருகிறேன்: நெர்ஹாவை ஒட்டிய சீய்யர் ஆற்று நடை. ஆற்றுக்குள்ளேயே நடப்பது. தொடக்கத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டர் சரளை நிறைந்த வறண்ட படுகைதான். மேலே வாய்க்காலிலும் மின்நிலையத்துக்கும் தண்ணீரைத் திருப்பிவிடுகிறார்கள். பலர் அங்கேயே ‘இதுதானா ஆறு’ என்று திரும்பிவிடுகிறார்கள். மின்நிலையம் தாண்டியதும் தண்ணீர் தொடங்கும், கணுக்காலிலிருந்து முழங்கால் வரை. பிறகு ‘காஹோர்ரோஸ்’, அதாவது இடுக்குகள். இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கப் பாறையும் தொடுகிற அளவுக்கு நெருக்கம். முதல் இடுக்குகள் வரை போய்த் திரும்பினாலே பிள்ளைக்குப் போதும். கடைசிக் குளம் வரை என்றால் போகவர பதினைந்து கிலோமீட்டருக்கு மேல், முழுப் பகல் ஆகிவிடும்.

சுண்ணக்கல்:
இதைத்தான் கண்டிப்பாக மறுக்கிறேன். காட்டுத்தீ ஆபத்து, நெரிசல் என்று அண்மைக் கோடைகளில் அந்த வழியைத் திரும்பத் திரும்ப மூடியிருக்கிறார்கள். மே கடைசியில் திறந்திருக்கும் என்று யார் உத்தரவாதம்? நகராட்சி அறிவிப்பைப் பார்க்காமல் விடுதி முன்பதிவு செய்தால் பணம் தண்டம். இடுக்குக்குள் போன் சிக்னல் இருக்காது. வழுக்குப் பாசியில் கணுக்கால் பிசகினால் ஹெலிகாப்டர்தான். மீட்புக்குழு தூக்கிவருவதில் பெரும்பாலானவர்கள் ரப்பர்ச் செருப்புக்காரர்கள்.

ஒத்தையடிப்பாதை:
அதனால்தான் செருப்பு வேண்டாம் என்கிறேன். பழைய ஓட்டக் காலணி, உள்ளே கம்பளிக் காலுறை. நனைந்தாலும் பிடிமானம் இருக்கும். ஆற்றுச் செருப்பில் சரளை புகுந்து உள்ளங்காலை அறுக்கும். மலைமேல் மேகம் கறுத்தால், ஊரில் வெயில் இருந்தாலும், இடுக்குக்குள் போகவே கூடாது. மூடியிருந்தால் அதற்கு மாற்றாக பினாரில்லோ காட்டுப்பக்கம் போகலாம், குகைக்கு மேலேதான். பைன் நிழலில் மேசை போட்டிருக்கும், 68 வயதுக்காரரும் உட்காரலாம். அங்கிருந்து 1,508 மீட்டர் எல் சியேலோ சிகரத்துக்குப் பாதை ஏறுகிறது, ஆனால் அது இந்தக் குழுவுக்கு இல்லை. தண்ணீரும் கிடையாது நிழலும் கிடையாது.

பஸ்பயணி:
ஃப்ரிஹிலியானாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை வீடு, கூழாங்கல் பதித்த படித்தெரு. 1569-ல் மொரிஸ்கோக்கள், அதாவது கட்டாயமாகக் கிறிஸ்தவராக்கப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்கள், தோற்ற கதையைச் சுவரில் ஓடு ஓடாகப் பதித்திருக்கிறார்கள். பழைய மாளிகையில் இயங்கும் ஆலையில் இன்னும் கரும்புப்பாகு காய்ச்சுகிறார்கள். வறுத்த கத்தரிக்காய் மேல் ஊற்றித் தருவது அதுதான். நம்மூர்ப் பாகு போலத்தான், கசப்பு ஒரு பிடி தூக்கல். மாம்பழமும் அந்த வட்டாரத்தில் விளைகிறது, ஒஸ்தீன் ரகம். ஆனால் செப்டம்பர், அக்டோபரில்தான். மே மாதம் தேடி அலையாதீர்கள்.

மூட்டைமுடிச்சு:
சரி. கார் வேண்டாம், ஓர் இரவு நெர்ஹாவில் தங்குகிறோம். முதல் நாள் காலை முதல் நேரத்துக்கு மூன்று குகைச்சீட்டு, பிறகு ஃப்ரிஹிலியானா. மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கயாக், மதியம் பால்கனியில் உட்கார்ந்துவிட்டு மலாகா பஸ். ஆற்று நடை திறந்திருந்தால் கயாக்கை விட்டுவிடுவோம்.

ஒத்தையடிப்பாதை:
கயாக்கை விடாதீர்கள், ஃப்ரிஹிலியானாவை விடுங்கள்.

சுண்ணக்கல்:
குகைக்குள் வெப்பம் எந்தப் பருவத்திலும் இருபது டிகிரிக்குப் பக்கம்தான், கனத்த சட்டை வேண்டாம். ஃப்ளாஷும் முக்காலியும் அனுமதி இல்லை. 68 வயதுக்காரருக்குத் தோட்டத்தில் உட்கார ஒரு தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

பஸ்பயணி:
குகையிலிருந்து நெர்ஹா திரும்பும் பஸ் நேரத்தைக் காலையில் இறங்கும்போதே நிறுத்தத்துப் பலகையில் படம் பிடித்துவிடுங்கள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததுக்கு வெகுநேரம் ஆகும், வெளியே டாக்சியும் வரிசையில் நிற்காது.