லேட்டன்சிக்குத் தமிழ்: வெள்ளிக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுக் கணினியில் குறைந்த செலவில் எலெக்ட்ரிக் கிடார் பதிவு செய்வது பற்றி மாணவர்களுக்காக எட்டுப் பக்கக் கையேடு எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. லேட்டன்சி, அதாவது கம்பியைத் தட்டுவதற்கும் கணினி வழியாக அந்த ஒலி காதில் விழுவதற்கும் இடையே ஆகும் நேரம், அதற்கு ஒரு தமிழ்ச் சொல் ஒன்றுதான் தொண்டையில் நிற்கிறது.

முதல் வரைவில் 'தாமதம்' என்று போட்டிருந்தேன். போன வகுப்பில் அதற்கு வினை வந்தது. "தாமதம் அதிகமானால் குறைக்கவும்" என்ற வரியைப் படித்த பையன், திரையில் இருந்த ஆம்ப் சிமுலேட்டரில் (ஆம்ப்பைப் போலச் செய்யும் மென்பொருளில்) எதிரொலி சேர்க்கும் டிலே குமிழைத் திருகிச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். எதிரொலி போயிற்று, கோளாறு போகவில்லை. கம்பியைத் தட்டினால் ஹெட்ஃபோனில் சத்தம் பின்னாலேயே வருகிறது. அவன் அதற்காகக் காத்துக் காத்து வாசிக்க, நாலு சுற்றுக்குள் தாளம் படுத்துவிட்டது. பஃபர், அதாவது கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் இடம், 1024-இல் இருந்திருக்கிறது. 128-க்கு இறக்கியதும் சரியாகிவிட்டது.

ஆக, வேண்டுமென்றே சேர்க்கும் டிலே வேறு, வேண்டாமலே வந்து சேரும் லேட்டன்சி வேறு. இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது. என்ன செய்யலாம்?

– கையேட்டுக்காரன்

*

தம்பி, முதலில் கணக்கு. கணினி ஒலியை நொடிக்கு 44,100 மாதிரியாக (சாம்பிளாக) எடுக்கும்போது பஃபரில் 1024 மாதிரி நிரம்ப 23 மில்லிநொடி ஆகும். போக ஒன்று, வர ஒன்று என்றால் 46. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அதாவது உங்கள் மாணவன் ஆம்ப்பிலிருந்து 16 மீட்டர் தள்ளி நின்று வாசித்த மாதிரி. 128 வைத்தால் 2 மீட்டர். மேடையில் எல்லாரும் அவ்வளவு தூரத்தில்தான் நிற்கிறார்கள். இதைக் கையேட்டில் போடுங்கள், எந்தச் சொல் வைத்தாலும் புரியும்.

என் ஓட்டு 'லேட்டன்சி'க்கே. பையன் கடைசியில் மென்பொருளில் அந்தச் சொல்லைத்தான் பார்க்கப்போகிறான். இன்னொன்று: கிடாரை நேரே மைக் துளையில் செருகாதீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்தானே? கம்பியின் அதிர்வை மின்னாக மாற்றும் பிக்கப்புக்கு 1 மெகாஓம் அளவில் உள்ளீட்டு மின்மறுப்பு (இன்புட் இம்பீடன்ஸ்) வேண்டும். இல்லாவிட்டால் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கிவிடும்.

– ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து

*

அன்புடையீர்,

'தாமதம்' போனதில் எனக்கு வருத்தமில்லை. அது தாமசத்திலிருந்து வந்த வடசொல். நம்மிடம் 'பாணித்தல்' என்று ஒரு வினை உண்டு. காலம் தாழ்த்துதல் என்பதே பொருள். அதிலிருந்து 'பாணிப்பு'. பாணி என்றாலே பாட்டு, தாளம் என்றும் பொருள் இருப்பதால் இசைத்துறைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா?

பொறியாளர் மில்லிநொடி என்கிறார். தொல்காப்பியர் எழுத்தை ஒலிக்கும் கால அளவான மாத்திரையைக் கண்ணிமையாலும் கைந்நொடியாலும் அளந்தார். ஓர் இமைப்பை 200 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டால், அந்த 46 மகரக்குறுக்கத்தின், அதாவது குறுகி ஒலிக்கும் 'ம்'மின், கால் மாத்திரைக்குள் அடங்கிவிடும். அவ்வளவு நுண்ணிய அளவைக்கு இலக்கணம் கண்ட மொழிக்கு ஒரு சொல்லா கிடைக்காது?

– பழைய தமிழாசிரியன்

*

ஐயா, கால் மாத்திரை அழகு. ஆனால் 'கிடார் பாணிப்பு' என்று போட்டால் வாசிப்பவர் கிடார் ஸ்டைல் என்றுதான் எடுத்துக்கொள்வார். 'அவர் பாணியே தனி' என்று ஊரே பேசுகிறதே!

மென்பொருள் மொழிபெயர்ப்பில் 'மறைநிலை' என்றுகூட ஒருவர் எனக்கு அனுப்பியிருந்தார். லேட்டன்ட் என்றால் மறைந்திருப்பது என்று அகராதி பார்த்திருக்கிறார். உலாவியில் மறைநிலை என்றால் இன்காக்னிட்டோ, அது வேறு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

'சுணக்கம்' வைத்தால் என்ன? 'வேலை சுணங்கிவிட்டது' என்று பேச்சிலேயே இருக்கிறது. சுணக்கத்தை யாரும் வேண்டிக் கேட்பதில்லை, அதனால் டிலேயோடு குழம்பாது. எனக்கு முக்கியம் தொகைச்சொல். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் லேட்டன்சிக்கு ஈடாகப் பதிவை முன்னே நகர்த்த ஓர் அமைப்பு இருக்கிறது. 'சுணக்க ஈடு' என்றால் பொத்தானில் அடங்கும். 'காலத்தாழ்ச்சி ஈடுசெய்தல்' அடங்காது.

– மொழிபெயர்ப்பு மேசை

*

அம்மா, சங்கப் பாடல்களில் சுணங்கு என்றால் மகளிர் மேனியில் படரும் தேமல். நிகண்டில் சுணங்கன் என்றால் நாய். சொல்லத்தான் வேண்டும் என்று சொல்கிறேன்.

தவிர, கையேட்டில் 'கிடார்' என்று இருக்கிறது. 'கித்தார்' அல்லவா சரி? கம்பி என்பதும் எனக்கு ஒப்பவில்லை. யாழுக்கு நரம்பு இருந்ததே.

– ப.த.

*

ஐயா, யாழ் நரம்பு பிக்கப்பில் பேசாது. பிக்கப்பில் இருப்பது காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச்சுருளும். மேலே அதிர்வது எஃகோ நிக்கலோ ஆனால்தான் மின்னோட்டம் பிறக்கும். நைலான் போட்டாலே ஊமை. எனவே கம்பிதான். (கணினித் தமிழில் ஸ்ட்ரிங்குக்குச் 'சரம்' என்கிறோம். கிடாரில் ஆறு சரம் என்று யாராவது கிளம்புமுன் நிறுத்திவிடுகிறேன்.)

தேமல் விஷயத்தில் எனக்குக் கருத்தில்லை. அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸ், ஓர் அதிர்வுக்கு 12 மில்லிநொடி. 512 பஃபர் என்றால் ஒரு திசைக்கு ஏறக்குறைய ஓர் அதிர்வு பின்தங்கும். இதற்குச் சுணக்கம் என்ற சொல் கொஞ்சம் பெரிசோ என்று மட்டும் தோன்றுகிறது. வேலை சுணங்கினால் நாள்கணக்கில் அல்லவா சுணங்கும்?

– ஒ.கூ.

*

'நொடிச்சுணக்கம்' என்று வைத்துக்கொள்ளலாமா? வேண்டாம், நானே திரும்பப் பெறுகிறேன். ஒரு நொடி முழுக்கச் சுணங்குகிறது என்று நினைப்பார்கள்.

– மொ.மே.

*

எல்லாருக்கும் நன்றி. இன்று வியாழன்.

நேற்று வகுப்பில் சொல் எதுவும் சொல்லாமல், மறுபடி 1024 வைத்து வாசிக்கச் சொன்னேன். என்ன ஆகிறது என்று கேட்டதற்கு மூன்று பேர் "இழுக்குது" என்றார்கள், ஒருவன் "பின்னாடி வருது" என்றான், ஒருத்தி "லேக் ஆகுது சார்" என்றாள். சுணக்கம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னதும் யாரும் விளக்கம் கேட்கவில்லை. பாணிப்புக்கு இரண்டு பேர் சிரித்தார்கள். ஐயா மன்னிக்க.

ஆகவே முதல் இடத்தில் 'சுணக்கம் அல்லது லேட்டன்சி', அப்புறம் வெறும் சுணக்கம். டிலே டிலேயாகவே இருக்கட்டும். பஃபருக்கு 'இடையகம்' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, அதைத் தொடவில்லை. 16 மீட்டர் கணக்கு மூன்றாம் பக்கத்தில் படத்தோடு வருகிறது.

– கையேட்டுக்காரன்

*

அச்சுக்குப் போகட்டும், தடை சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று பிள்ளைகள் 'இழுக்குது' என்றார்களே, 'இழுவை' என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை? பாணிப்பைக்கூட விட்டுத் தருகிறேன். தேமலை என்னால் விட முடியாது.

– ப.த.

*

ஐயா, இழுவை என்றால் ஏரோடைனமிக்ஸ்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு அது டிராக், காற்றின் தடை.

– ஒ.கூ.