ஆராதனைக்குப் பிறகு ஃபேர்டிரேட் காப்பி, சாக்லேட் மேசை போடுவது எப்படி?

லெஸ்டர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ஓர் ஆங்கிலிக்கன் சபை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சுமார் 50 பேர் ஹாலில் காப்பிக்கு நிற்பார்கள். மாதம் ஒரு ஞாயிறு அங்கே ஃபேர்டிரேட் (விவசாயிக்கு நியாய விலை கிடைக்கச் செய்யும் வணிக முத்திரை) காப்பித்தூளும் சாக்லேட்டும் விற்க ஆலயக் குழு சம்மதித்திருக்கிறது. முன்பு டிரெய்ட்கிராஃப்டிடம் வாங்கி விற்ற மேசை ஒன்று இருந்தது. 2023 ஜனவரியில் அந்த நிறுவனம் நொடித்துப்போனதோடு அதுவும் நின்றுவிட்டது. இப்போது முதல் 200 பவுண்டு. எவ்வளவு சரக்கு எடுப்பது, என்ன விலை வைப்பது, யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? விலையில் கொஞ்சம் கூட்டி மிஷன் நிதிக்குக் கொடுக்கலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

கறுப்புக்காப்பி:
மேசைக்கு முன்னால் ஹாலில் ஊற்றும் காப்பியை மாற்றுங்கள். குடித்துப் பார்த்தவர்தான் பாக்கெட் வாங்குவார். பிரிட்டனில் "ஃபேர்டிரேட் சபை" என்ற பெயர் பெறவும் அதுதான் முதல் நிபந்தனை: ஆராதனைக்குப் பின்னும் சபையின் கூட்டங்களிலும் ஃபேர்டிரேட் டீ, காப்பியே கொடுக்க வேண்டும். சர்க்கரை, பிஸ்கட் பிறகு மாறினால் போதும்.

அளவு: லிட்டருக்கு 60 கிராம் தூள். 50 பேருக்கு 150 மில்லி வீதம் ஏழரை லிட்டர், அதாவது 450 கிராம். 227 கிராம் பாக்கெட் இரண்டு சரியாக இருக்கும். பெர்கொலேட்டர் அண்டா (மேல் தட்டில் தூள் இருக்க, கொதிநீர் ஏறி அதன் வழியே இறங்கும் பாத்திரம்) என்றால் கொரகொரப்பாக அரைத்த தூள் வேண்டும். நைசான தூள் மேல் தட்டின் ஓட்டைகளை அடைத்து, வண்டலாகக் கீழே இறங்கிக் கசக்கும். காய்ச்சி ஒரு மணி நேரத்துக்கு மேல் சூட்டிலேயே விட்டாலும் இதே கதிதான். நம் ஊர்க்காரர்கள் "காப்பி நீர்த்திருக்கு" என்பார்கள். நாக்கு சிக்கரிக்குப் பழகியது, இதில் சிக்கரி கிடையாது. அதற்காகத் தூளை இரட்டிப்பாக்காதீர்கள், 70 கிராம் வரை போனால் போதும்.

விற்பனைக்கு முதல் மாதம் 12 பாக்கெட் காப்பி: தூள் 6, இன்ஸ்டன்ட் 4, டீகாஃப் (காஃபீன் நீக்கியது) 2. சாக்லேட் இரண்டு பெட்டி, ஒன்று டார்க், ஒன்று பால். 200 பவுண்டையும் சரக்காக மாற்றிவிட வேண்டாம். 70, 80 பவுண்டு கையில் இருந்தால்தான் அடுத்த ஆர்டர் போட முடியும். மொத்த வியாபாரிகள் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால்தான் இலவசமாக அனுப்புவார்கள், அதனால் பக்கத்து மெதடிஸ்ட் சபையோ கத்தோலிக்கப் பங்கோ இருந்தால் சேர்ந்து ஆர்டர் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
இந்த மேசைகள் பெரும்பாலும் படுப்பது வாட் (மதிப்புக்கூட்டு) வரியில். காப்பித்தூளுக்கு வாட் பூஜ்யம், குடிக்கும் சாக்லேட் பொடிக்கும் பூஜ்யம். சாக்லேட் பாருக்கு 20 சதவீதம். மொத்த விலைப் பட்டியல் வரி சேர்க்காமல்தான் வரும். சபை வாட் பதிவு செய்யாதிருந்தால் கட்டிய வரியைத் திரும்ப வாங்கவும் முடியாது.

ஓர் உதாரணம். பட்டியலில் 2.00 பவுண்டு என்றிருக்கும் பார் கைக்கு வரும்போது 2.40. விற்கும் விலை 2.80. நிற்பது 40 பென்ஸ்தான், 80 அல்ல. 15 பார் பெட்டிக்கு 36 பவுண்டு கொடுத்திருப்பீர்கள். மூன்று விற்காமல் தேதி போனால் வரவு 33.60, மாதம் முழுக்க உழைத்து 2.40 நஷ்டம்.

அனுமதி: உணவைத் தொடர்ந்து முறையாக விற்றால், பாக்கெட்டில் அடைத்ததாக இருந்தாலும், உள்ளூர் கவுன்சிலில் உணவுத் தொழிலாகப் பதிய வேண்டும். இலவசம்தான், தொடங்க 28 நாள் முன்பே செய்ய வேண்டும். மாதம் ஒரு முறை இதில் சேருமா என்று உங்கள் கவுன்சிலிலேயே எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய மூட்டை வாங்கிச் சபையின் பெயர் போட்ட பையில் பிரித்து அடைக்கும் ஆசை வரும். வேண்டாம். லேபிள் சட்டம், ஒவ்வாமைக் குறிப்பு எல்லாம் உங்கள் தலையில் விழும், உரிமம் இல்லாமல் அந்தப் பையில் ஃபேர்டிரேட் முத்திரையும் போட முடியாது.

மேசைப் பணம் காணிக்கைத் தட்டோடு கலக்கவே கூடாது. தனிப் பெட்டி, இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்து, பொருளாளர் புத்தகத்தில் தனிக் கணக்கு. ஆண்டு வருமானம் 32,000 பவுண்டுக்குக் கீழ் உள்ள அறநிறுவனம் 8,000 வரை இப்படி விற்றால் லாபத்துக்கு வரி இல்லை. பெரிய சபைக்கு வரம்பும் கூடும்.

லெஸ்டர்வாசி:
ரொம்ப நன்றி அண்ணா. வரி விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இன்னொன்று: பழைய மேசையின் சாக்லேட் பெட்டி ஒன்று வெஸ்ட்ரி (போதகர் உடை மாற்றும் அறை) அலமாரியில் இருக்கிறது, தேதி முடியவில்லை, ஆனால் மேலே வெள்ளை பூத்திருக்கிறது. விற்கலாமா?

வடமராட்சி:
தம்பி, ஒன்றைப் பிரித்து விரலால் தேய்த்துப் பாருங்கோ. வழுவழுப்பாகி மறைந்தால் அது கொக்கோ வெண்ணெய், சூட்டில இளகித் திரும்ப உறைஞ்சிருக்கு. சொரசொரப்பாக இருந்தால் சீனி. குளிர்ப்பெட்டியில வைத்து வெளியில எடுக்க ஈரம் படிஞ்சு வந்தது. இரண்டும் உடம்புக்குக் கேடில்லை, ஆனால் விற்காதேங்கோ. ஒருக்கா அப்படி வாங்கினவர் பிறகு மேசைப் பக்கம் வரமாட்டார். கேக்குக்கு உருக்கிப் பாவிக்கலாம்.

வைக்கிற இடம் 15 முதல் 18 பாகை, ஹீட்டருக்குத் தள்ளி. வெஸ்ட்ரியில சாம்பிராணி, மெழுகுதிரி இருந்தால் அங்கேயும் வேண்டாம், கொக்கோ வெண்ணெய் வாசத்தை இழுத்துவிடும். கோப்பித்தூளோடயும் ஒரே பெட்டியில போடாதேங்கோ. லெந்து நாட்களில, ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலத்தில, சொக்லேட் ஓடாது, பலர் விட்டிருப்பினம். அதில முதல் நாலு கிழமைக்குக் கோப்பியை மட்டும் வைத்து, ஈஸ்டருக்கு முந்தின இரண்டு ஞாயிறும் சொக்லேட்டை இறக்குங்கோ. அறுப்பின் பண்டிகை நல்ல நேரம். ஃபேர்டிரேட்டைப் பரப்புற வருடாந்த இருவாரமும் 2024இல இருந்து செப்டம்பருக்கு மாறிட்டுது, இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

கறுப்புக்காப்பி:
மிஷன் நிதிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. விலையைக் கூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கொட்டை விலைக்கு மேல் கூடுதலாக விவசாயிச் சங்கத்துக்குப் போகும் பிரீமியம் எடைக் கணக்கு, உங்கள் விற்பனை விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காப்பிக்குப் பவுண்டு எடைக்கு 20 அமெரிக்க சென்ட். வறுக்கும்போது எடை குறைவதால் 227 கிராம் பாக்கெட்டுக்குச் சுமார் 270 கிராம் பச்சைக் கொட்டை வேண்டும்; அதில் பிரீமியம் ஏறக்குறைய 12 சென்ட். நீங்கள் 50 பென்ஸ் ஏற்றினாலும் அதே 12தான். ஏற்றாமல் இரண்டு பாக்கெட் விற்றால் 24. இதற்கு மேல் குறைந்தபட்ச விலைக் காப்பும் உண்டு: 2023 ஆகஸ்டிலிருந்து கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்குப் பவுண்டு எடைக்கு 1.80 டாலர், அதற்குமுன் 1.40. சந்தை விலை இதைவிடக் கூடினால் சந்தை விலைதான். மிஷனுக்குக் கொடுக்க விரும்புவோருக்குப் பக்கத்திலேயே தனி உண்டியல் வையுங்கள்.

மேசையில் நிற்பவர் ஒரு கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும்: "இந்த பாருக்குள் இருப்பது அந்த விவசாயியின் கொக்கோதானா?" காப்பிக்கு ஆம் என்று தயங்காமல் சொல்லலாம், தொடக்கம் முதல் கடைசிவரை தனியாகத்தான் வைக்க வேண்டும் என்பது விதி. கொக்கோவிலும் சர்க்கரையிலும் ஆலையில் மற்றதோடு கலக்க அனுமதி உண்டு. ஃபேர்டிரேட்டாக வாங்கிய அளவுக்கே முத்திரையோடு விற்கலாம் என்பது கணக்கு. முத்திரைக்குப் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் பின்பக்கம் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள், அங்கே எழுதியிருக்கும்.

சாக்லேட்டுக்கு டிவைனைப் பாருங்கள். 1998இல் தொடங்கிய நிறுவனம், கானாவின் குவாபா கோகூ விவசாயிகள் கூட்டுறவு அதில் பங்குதாரர். காப்பிக்கு 1991இல் தொடங்கிய கஃபேடைரக்ட். இரண்டுக்கும் ஒரே மொத்த வியாபாரி கிடைத்தால் அனுப்பும் செலவு மிச்சம்.